வீட்டுப் பேரைப் போடுங்க

கொஞ்சம் இருங்கள், தம்பி. நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி. உங்கள் வலது முழங்கை எதன்மேல் இருக்கிறது? எடுத்துவிட்டுப் பாருங்கள். கல். கறுப்பு கிரானைட். அதில் என்ன எழுதியிருக்கிறது? வாய்விட்டுப் படியுங்கள். வெட்கப்பட வேண்டாம், தெருவில் யாரும் இல்லை.

'சி. மாசிலாமணி, நகராட்சி வருவாய் ஆய்வாளர் (ஓய்வு'.

சரியாகப் படித்தீர்கள். அடைப்புக்குறியை மூடவில்லையே என்கிறீர்களா? கல் வெட்டினவர் இடம் போதவில்லை என்று விட்டுவிட்டார். பெரிய விஷயம் இல்லை. நீங்கள் டீச்சரிடம் படித்தவராக இருப்பீர்கள், அதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. மற்ற யாரும் இதுவரை சொன்னதில்லை.

இப்போது நீங்களே சொல்லுங்கள். மாசிலாமணி என்று எழுதிய கல்லின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, மாசிலாமணியையே பார்த்து, 'சார், டீச்சர் வீடு எது?' என்று கேட்கலாமா?

கோபமில்லை. கோபப்பட்டால் ஒரு நாளைக்கு எட்டுப் பேர்மேல் கோபப்பட வேண்டும். உள்ளே வாருங்கள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், கால் ஆடாத நாற்காலி அதுதான். டீச்சர் வங்கிக்குப் போயிருக்கிறார். அரை மணியில் வந்துவிடுவார். அவரை வழியில் நாலு பேர் நிறுத்திப் பேசுவார்கள், அதனால் முக்கால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் அழைப்பிதழா? வீடு கட்டியிருக்கிறீர்களா? சந்தோஷம். அப்படியென்றால் நான் சொல்லப்போவது உங்களுக்கும் உபயோகப்படும்.

நான் யார் தெரியுமா? இந்த ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவு எண் போட்டவன். முப்பத்து மூன்று வருடம் நகராட்சியில் சொத்து வரி. பழைய எண் பதினான்கு, புதிய எண் இருபத்தேழு என்று எல்லா வாசலிலும் எழுதியிருக்கிறதே, அந்தப் புதிய எண் என் கணக்கு. சுண்ணாம்புப் பட்டையின்மேல் சிவப்புப் பெயின்ட்டில் எழுதுவதற்கு ஆள் இருந்தார். 'இங்க இருபத்தேழு போடு' என்று கை காட்டினவன் நான்.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெயரைச் சொன்னால் வீட்டைக் கண்டுபிடிப்பவர் தபால்காரர். வீட்டு எண்ணைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிப்பவன் வரி வசூலிப்பவன். இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஒன்றில்லை. முதலாவது சுலபம். யார் வேண்டுமானாலும் 'நான் இன்ன நம்பரில் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நம்பருக்குப் போய் நின்று, 'இது யார் வீடு?' என்று கேட்டுப் பாருங்கள். அப்போது வருகிற பதில்தான் உண்மையான பதில். இந்தப் பிரித்தறிதல் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். இன்னொருவர் காலமாகிவிட்டார்.

இந்தக் கல்லை நான் ஓய்வு பெற்ற மாதமே செய்து வாங்கிவிட்டேன். ஏழு வருடம் ஆகிறது. மாட்டுவதற்கு ஆள் கூப்பிட்டபோது டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். 'இத மாட்டாதீங்க' என்றார். ஏன் என்றேன். 'ஊரே டீச்சர் வீடுன்னு சொல்லுது. புதுசா ஒரு பேரு மாட்டினா கொரியர்காரங்க குழம்பிப்போவாங்க' என்றார். கல்லை மறுபடியும் ஒரு தடவை கூர்ந்து பார்த்துவிட்டு, 'எதுக்கும் இதை இப்படியே மாட்டாதீங்க' என்றார். அப்படியே பீரோவுக்குப் பின்னால் போயிற்று கல். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஆறு வருடம், தம்பி. பீரோவுக்குப் பின்னால் ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் நான் என் பெயருக்கும் சேர்த்து அடித்தேன்.

அவரைக் குறை சொல்லவில்லை. மரகதம் டீச்சர் என்றால் இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. முப்பத்தோரு வருடம் கணக்கு எடுத்திருக்கிறார். டாக்டர், பஸ் கண்டக்டர், பத்திரம் எழுதுகிறவர், எல்லாருக்கும் ஒரு தடவையாவது முட்டை போட்டிருக்கிறார். அதனால் மரியாதை. ஒருநாள் மழையில் ஆட்டோவில் வந்தேன். 'புதிய எண் இருபத்தேழு' என்று சொன்னேன். நான் போட்ட நம்பர். அந்த மனிதர் மூன்று தெரு சுற்றினார். கடைசியில் நானே வாயைத் திறந்து 'டீச்சர் வீடுப்பா' என்று சொல்ல வேண்டியதாயிற்று. 'மொதல்லயே சொல்லக் கூடாதா, பெரியவரே' என்றார். என் வீட்டுக்கு நான் போக அந்தப் பேரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருங்கள், ஃபோன் அடிக்கிறது. ஹலோ. ஆமா. சிலிண்டரா? தண்ணித் தொட்டி தாண்டி ரெண்டாவது லெஃப்ட்டு. நம்பரா? நம்பர் பாக்காதீங்க, இந்தத் தெருவுல நம்பர் ஒழுங்கா இருக்காது. டீச்சர் வீடு எதுன்னு யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. சரி. வைக்கிறேன்.

எங்கே விட்டேன்? ஆட்டோ. ஆமாம், அப்படி ஒரு நிலைமை.

இதுவரை பொறுத்தேன். பொறுக்க முடியாமல் போனது ஓய்வூதிய விஷயத்தில். எங்கள் மகள் இளமதி மஸ்கட்டுக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி போட்டுக் கொடுத்தாள். மரகதம் டீச்சர் என்று சேர்த்து எழுதி, பின்னால் ஏதோ நம்பர். 'வீட்டுக்கு ஒண்ணு போதும்ப்பா' என்றாள். கரன்ட் பில், கேஸ், வங்கி எல்லாம் அதில்தான். அதிலிருந்து என் ஓய்வூதியத்தில் ஒரு திருத்தம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். நான் எழுதினேன், என் பெயரைப் போட்டு. பதில் வந்தது. 'மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் கணவர் திரு மாசிலாமணி அவர்களின் மறைவுக்கு வருந்துகிறோம். இறப்புச் சான்றிதழை இணைத்து அனுப்பவும்.'

டீச்சரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். 'எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்காங்க' என்றார்.

அன்றைக்கு முடிவு செய்தேன். எனக்கென்று ஒரு முகவரி வேண்டும். எவனோ ஒரு கம்பெனி ஓசியில் கொடுக்கிற முகவரி இல்லை, அது வாடகை வீடு. என் வீட்டிலேயே ஒரு தபால் நிலையம். மெயில் சர்வர் என்பார்கள். கடிதம் என் வீட்டிலிருந்து புறப்படும், என் வீட்டுக்கு வந்து சேரும். நடுவில் ஒருவர் கிடையாது. மாசிலாமணி இல்லம் டாட் இன் என்று பெயரும் வாங்கினேன். அதில் என் முகவரி என்ன தெரியுமா? குடும்பத்தலைவர். ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுத வேண்டும். கொஞ்சம் நீளம்தான். நீளமாக இருந்தால் என்ன, தெளிவாக இருக்கிறதல்லவா?

ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். எங்கே வைப்பது? கரன்ட் போனாலும் நிற்கக் கூடாது. இன்வெர்ட்டர் இணைப்பு இந்த வீட்டில் இரண்டு இடத்துக்குத்தான். ஒன்று டீச்சரின் மின்விசிறி. இன்னொன்று பூஜை அறை. அதனால் பூஜை அறையில், பிள்ளையாருக்குக் கீழ்த் தட்டில் வைத்தேன். உலகத்திலேயே தினமும் கற்பூரம் காட்டப்படுகிற மெயில் சர்வர் அதுவாகத்தான் இருக்கும். புகை படுவதால் மாதம் ஒரு தடவை திறந்து துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

புத்தகம் படித்தேன், வீடியோ பார்த்தேன், இரண்டு மாதம் உட்கார்ந்தேன். ஒருநாள் மத்தியானம் முதல் கடிதம் போட்டேன், இளமதிக்கு. கால் மணி நேரம் கழித்து ஃபோன் செய்தேன்.

'வரலியேப்பா.'

'நல்லாப் பாரும்மா.'

'இருங்க. ஆங், இருக்குப்பா. ஸ்பாம்ல இருக்கு.'

ஸ்பாம் என்றால் தெரியும்தானே? குப்பைத் தொட்டி. 'யார்கூட இருக்கு?' என்று கேட்டேன். சிரித்தாள். 'லாட்டரிக்கும் முடி வளர்ற எண்ணெய்க்கும் நடுவுல இருக்குப்பா. மேல எழுதியிருக்கீங்களே, இது மோசடி அல்ல, பணம் எதுவும் கேட்கவில்லைன்னு. அத எடுத்துருங்க.' எடுத்துவிட்டுப் போட்டேன். அப்போதும் குப்பைதான். பத்துக் கடிதம் போட்டேன், பத்தும் குப்பை.

டீச்சர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அன்று சாப்பாடு போடும்போது சொன்னார். 'ஒரு பந்தயம் வச்சுக்கலாமா? ஆயுத பூஜைக்குள்ள உங்க பெட்டியிலிருந்து போற லெட்டர் இளமதியோட இன்பாக்ஸ்ல நேரா விழணும். ஒண்ணு தற்செயலா விழலாம். மூணு விழணும். விழுந்தா அந்தக் கல்ல எடுத்து நீங்க வாசல்ல மாட்டிக்கலாம், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.'

'விழலைன்னா?'

'கொல்லைக் குழாயடியில துவைக்கிற கல்லு தேஞ்சுபோச்சு.'

புரிகிறதா, தம்பி? மூன்று கடிதம் போய்ச் சேர்ந்தால் என் பெயர் வாசலில். சேராவிட்டால் என் பெயரின்மேல் துணி துவைப்பார்கள். அப்போது ஜூன் மாதம். நான் சம்மதித்தேன்.

காரணத்தைத் தேடினேன். கண்டுபிடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அது என் துறை. இன்டர்நெட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. மாசிலாமணி இல்லம் என்றால் இன்ன நம்பர் என்று பதிவேட்டில் நானே எழுதிவிடலாம், எழுதியும் விட்டேன். ஆனால் என் கடிதம் போய்க் கதவைத் தட்டி, 'நான் மாசிலாமணி இல்லத்திலிருந்து வருகிறேன்' என்று சொன்னால், பெரிய பெரிய கம்பெனிகளின் தபால் நிலையங்கள் நம்புவதில்லை. வந்த நம்பரைப் பார்த்து, 'இந்த நம்பர் யார் வீடு?' என்று தலைகீழாகக் கேட்கின்றன. ரிவர்ஸ் டிஎன்எஸ் என்று அதற்குப் பெயர். கேட்டால், என் நம்பர் என்ன சொல்லியிருக்கிறது? 'பெயர் தெரியாது. யாரோ ஒரு இணைப்புதாரர்.' போடு குப்பையில்!

பாருங்கள். நான் முப்பத்து மூன்று வருடம் செய்த வேலை. நம்பரைச் சொல்லி ஆளைக் கேட்பது. உலகம் பூராவும் இப்போது அதைத்தான் செய்கிறார்கள்.

டீச்சரிடம் விளக்கினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். 'தேற்றத்த நிரூபிச்சிட்டீங்க. மறுதலைய நிரூபிக்கல. மார்க்கு பாதிதான் வரும்' என்றார்.

அந்த மறுதலைப் பதிவேடு நம் கையில் இல்லை என்பதுதான் கஷ்டம். நம்பரைக் கொடுத்தவர்கள் கையில் இருக்கிறது. அதாவது இன்டர்நெட் கம்பெனி. நம் ஊரில் ஒரு கிளை உண்டு, பெயர் வேண்டாம். அங்கே மேலாளர் ஜெயபாண்டி. நாற்பத்தைந்து வயது இருக்கும், முன்வழுக்கை. போய் நிலையான நம்பர் வேண்டும், அந்த நம்பருக்கு என் பெயர் வேண்டும் என்றேன். அவருக்கே புதிது. சென்னைக்குப் பேசி ஒரு படிவம் வரவழைத்தார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாக நிரப்பினேன்.

அந்தப் படிவத்தில் ஒரு குளறுபடி. தலைகீழ்ப் பதிவேட்டில் நம்பரைத் தலைகீழாகத்தான் எழுத வேண்டும். அது விதி. படிவத்திலேயே போட்டிருக்கிறது, 'எண்ணைத் தலைகீழாக எழுதவும்'. எந்த எண்ணை என்று போடவில்லை. நான் அரசு வேலையில் இருந்தவன், படிவம் சொன்னதைச் செய்வேன். எல்லா எண்ணையும் தலைகீழாக எழுதினேன். கதவு எண் எழுபத்திரண்டு என்று எழுதினேன். தொலைபேசி எண்ணையும் கடைசியிலிருந்து எழுதினேன். கம்பெனிக்காரர்கள் அந்த எண்ணுக்குப் பேசி யாரோ ஓர் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்களாம். நிலையான நம்பர் போட வந்த ஆள் நேராக எழுபத்திரண்டுக்குப் போய்விட்டார். அது மாவு மில். மில்காரர் என்ன செய்தார் தெரியுமா? படிவத்தை வாங்கிப் பார்த்தார். 'டீச்சர் வீட்டுக்காரரு கையெழுத்தாச்சே' என்று சொல்லி, ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கிவிட்டார். படிவம் சரியாக அச்சடித்திருந்தால் இந்த அலைச்சல் வேண்டாம். மில்காரர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது வேறு விஷயம்.

படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. இல்லத்தின் பதிவுப் பெயரை எழுதிவிட்டேன். அதற்கு முன்னால் கம்ப்யூட்டர் பெட்டிக்கு என்று தனியாக ஒரு பெயர் வேண்டுமாம். எனக்குச் சரியாகப் புரியவில்லை, விட்டுவிட்டேன். ஜெயபாண்டி ஃபோன் செய்தார்.

'சார், ஒரு கட்டம் காலியா இருக்கு. என்ன பேரு போடணும்?'

'அதுல வீட்டுப் பேரைப் போடுங்க.'

'வீட்டுப் பேரா சார்?'

'ஆமாங்க. வீட்டுப் பேரு தெரியும்ல?'

'அது தெரியாமலா சார்' என்றார்.

இந்தப் பேச்சை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் சொன்ன எந்த வார்த்தையிலாவது தப்பு இருக்கிறதா? இல்லை.

மூன்று மாதம் ஆகும் என்றார்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். நான் தினமும் காலையில் பூஜை அறையில் உட்கார்ந்து என் நம்பரிடம் 'நீ யார் வீடு?' என்று கேட்பேன். 'பெயர் தெரியாது' என்று சொல்லும். டீச்சர் இடையில் கொல்லைப் பக்கம் போய் நூல் பிடித்து அளந்து பார்த்தார். பழைய துவைக்கிற கல் மூன்றடி நீளம். 'உங்களது ரெண்டேமுக்கா. பரவாயில்ல, சட்டைக்குப் போதும்' என்றார்.

ஆயுத பூஜைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நம்பர் பதில் சொன்னது. பெயர் வந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

டீச்சர்வீடு டாட் மாசிலாமணி இல்லம் டாட் இன்.

நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. மாவு மில்காரர் சொல்லலாம், ஆட்டோக்காரர் சொல்லலாம். இன்டர்நெட் சொல்லலாமா? அமெரிக்காவிலிருந்து ஒருவன் கேட்டாலும் ஜப்பானிலிருந்து ஒருவன் கேட்டாலும் என் நம்பர் 'டீச்சர் வீடு' என்று சொல்கிறது, தம்பி!

கடிதம் போட்டுப் பார்த்தேன். முன்பாவது குப்பையில் போட்டார்கள். இப்போது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏனென்றால் என் பெட்டி போய் 'நான் மாசிலாமணி இல்லம்' என்கிறது. நம்பர் 'இல்லை, இது டீச்சர் வீடு' என்கிறது. டீச்சர் வீடு எங்கே என்று பதிவேட்டில் தேடினால் அப்படி ஒரு வீடே நான் எழுதவில்லை. திருடன் என்று நினைத்துவிட்டார்கள்.

சட்டையை மாட்டிக்கொண்டு ஜெயபாண்டியிடம் ஓடினேன்.

'என்னங்க எழுதி வச்சிருக்கீங்க?'

'வீட்டுப் பேரு சார். நீங்கதான போடச் சொன்னீங்க.'

'என் வீட்டுப் பேரு என்ன?'

அவர் என்னைப் பார்த்தார். பரீட்சையில் கேள்வி கேட்ட மாதிரி எழுந்து நின்றுவிட்டார். 'டீச்சர் வீடு சார்.'

'யாருங்க சொன்னது?'

'என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? நான் எட்டாப்புலேருந்து டீச்சர் வீடு டீச்சர் வீடுன்னு ட்யூஷன் வந்திருக்கேன். நீங்ககூட வெளிக் கதவத் தெறந்துவிடுவீங்க.' பணம் கட்ட வந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, 'டீச்சர் சௌக்கியமா இருக்காங்களா சார்?' என்று கேட்டார். சௌக்கியம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

மாற்ற வேண்டும் என்றேன். புதுப் படிவம், சென்னை, மறுபடி மூன்று மாதம். எனக்கு ஒன்பது நாள்.

வீட்டுக்கு வந்து நேராக டீச்சரிடம் கேட்டேன். 'உண்மையச் சொல்லுங்க. ஜெயபாண்டிகிட்ட நீங்க பேசுனீங்களா?'

'யாரு, ரெண்டாவது பெஞ்சு ஜெயபாண்டியா? அவன் தேறிட்டானா?' என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது, அது எனக்குத் தெரியும். அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னேன். சிரிக்கவில்லை. கணக்கைக் கேட்பது போலக் கேட்டார்.

'ரெண்டு பக்கமும் சமமா இருந்தா லெட்டர் போயிடும். அவ்வளவுதான?'

'அவ்வளவுதான்.'

'அந்தப் பக்கத்துல கை வைக்க முடியாது.'

'முடியாது. சென்னை.'

'அப்ப இந்தப் பக்கத்த மாத்துங்க. ஒன்பதாம் வகுப்புச் சமன்பாடு' என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்திருந்தேனே என்று போய்விட்டார்.

அது எனக்கும் தோன்றியதுதான். அவர் முந்திச் சொல்லிவிட்டார், அவ்வளவே. ஆனால் தோன்றுவது வேறு, செய்வது வேறு. என் பெட்டி இனிமேல் உலகத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும், 'வணக்கம், நான் டீச்சர் வீடு' என்று சொல்ல வேண்டும். என் பெயர் வாசலில் ஏற வேண்டுமென்றால், நானே என் கையால், இது டீச்சர் வீடுதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். ஏழு நாள் நானும் யோசித்தேன். எட்டாவது நாள் டீச்சர் கொல்லையில் பழைய துவைக்கிற கல்லைப் புரட்டிப்போட ஆள் வரச் சொல்லியிருந்தார்.

அன்று காலையில் பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். நாலு இடத்தில் திருத்த வேண்டியிருந்தது. நாலு இடத்திலும் மாசிலாமணி இல்லம் என்பதற்கு முன்னால் டீச்சர்வீடு என்று சேர்த்து அடித்தேன். பதிவேட்டிலும் டீச்சர் வீட்டுக்கு என் நம்பரை எழுதினேன். பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

இனி நம்பரைக் கேட்டால் டீச்சர் வீடு. டீச்சர் வீட்டைக் கேட்டால் அதே நம்பர். பெட்டியைக் கேட்டாலும் டீச்சர் வீடு. எல்லாருமே ஒரே வாயாகச் சொல்கிறார்கள்.

கடிதம் போட்டேன். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

'அப்பா! வந்திருச்சுப்பா!'

'எங்கம்மா?'

'இன்பாக்ஸ்! நேரா இன்பாக்ஸ்! எங்க ஆபீஸ் லெட்டருக்கு மேல நிக்குது!'

இரண்டாவது போட்டேன். விழுந்தது. மூன்றாவது போட்டேன். அதுவும் விழுந்தது. மூன்றாவதில் மட்டும் 'சோதனை' என்று எழுதவில்லை. 'இளமதி, நலமா, நாங்கள் நலம், அப்பா' என்று எழுதினேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். எதற்கு அழுதாள் என்று தெரியவில்லை, தினமும் ஃபோனில் பேசுகிறவள்தானே. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 'அப்பா, உள்ள போய் அனுப்பின இடம் என்னன்னு பாத்தேன். டீச்சர் வீடுன்னு போட்டிருக்கு. எவ்வளவு அழகா இருக்குப்பா' என்றாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

டீச்சர் வார்த்தை தவறவில்லை. துவைக்கிற கல்லுக்கென்று வந்த ஆளையே வாசலுக்கு வரச் சொல்லி, என் கல்லை மாட்டச் சொன்னார். நூல் பிடித்து, மட்டம் பார்த்து, நேராக இருக்கிறதா என்று தெருவில் நின்று பார்த்தார். ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டருக்கும் கல்லுக்கும் சேர்த்துப் பொட்டு வைத்துச் சாம்பிராணி காட்டினோம். ஆறு வருடம் சுவரைப் பார்த்த கல், தம்பி, தெருவைப் பார்த்தது. நான் ஜெயித்தேன். அதில் சந்தேகமில்லை. சர்வர் என்ன பெயர் சொல்கிறது என்பதெல்லாம் தொழில்நுட்பச் சமாசாரம், உள்ளே இருக்கிறது, யார் பார்க்கப்போகிறார்கள்? வாசலில் இருப்பது என் பெயர்.

ஆமாம், நீங்கள் படிக்கவில்லை. அது உங்கள் தப்பு. நீங்கள் அதன்மேல் கையை வைத்துவிட்டீர்கள்.

எங்கே, அந்த அழைப்பிதழைக் கொடுங்கள், பார்க்கிறேன். அழகாக அடித்திருக்கிறீர்கள். வீட்டுக்கு இன்னும் கதவு எண் வாங்கவில்லையா? சீக்கிரம் வாங்குங்கள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். உறையில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'மரகதம் டீச்சர் மற்றும் குடும்பத்தினர்.'

குடும்பத்தினர். மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். வேறு யாரும் இல்லை. அப்படியென்றால் அது நான்தான். சரி, வருகிறேன். அவசியம் வருகிறேன்.

மின்னஞ்சலிலும் ஒன்று போட்டுவிடுங்கள். முகவரி எழுதிக்கொள்ளுங்கள். குடும்பத்தலைவர், இடைவெளி இல்லாமல். போட்டால் கட்டாயம் வந்து சேரும். நானும் கட்டாயம் பதில் போடுவேன், அது உங்கள் இன்பாக்ஸில் நேராக விழும்.

அதோ, தெருமுனையில் டீச்சர். மாவு மில் வாசலில் பேசிக்கொண்டிருக்கிறார், வந்துவிடுவார். வந்ததும் அந்த அடைப்புக்குறியைப் பற்றி மட்டும் அவரிடம் வாயைத் திறக்காதீர்கள். அவர் இதுவரை கவனிக்கவில்லை. கணக்கு டீச்சர், கவனித்தால் கல்லைக் கழற்றச் சொல்லிவிடுவார்.

போகும்போது கல்லை இன்னொரு தடவை பாருங்கள். ஓரத்தில் கொஞ்சம் குங்குமம் தெரியும். உங்கள் கை பட்டுக் கலைந்திருக்கும். ஆயுத பூஜை அன்று ஆரம்பித்தது, தினமும் கோலம் போட்டு முடித்ததும் டீச்சர் வந்து வைக்கிறார். எல்லாரும் வைப்பது போல நடுவில் வட்டமாக வைக்க மாட்டார். வலது ஓரத்தில், 'ஓய்வு' முடிகிற இடத்தில், விரலை மேலிருந்து கீழாக வளைத்து ஒரு இழுப்பு. ஏன் அங்கே என்று ஒருநாள் கேட்டேன். 'அங்கதான் வைக்கணும்' என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நாற்பது வருடம் பக்கத்தில் இருந்த பிறகு ஒருவருக்கு நம் பெயர்மேல் இவ்வளவு மரியாதை இருக்கிறதென்றால், அதைத் துருவிக்கொண்டிருக்கக் கூடாது.

போன வாரம் விடியற்காலையில் கொட்டுகிற மழை. கோலம்கூடப் போடவில்லை. ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய், அதை மட்டும் வைத்துவிட்டு வந்தார்.